ரேடியோ டாக்டரும் மரணச் சான்றிதழ்களும்

1/
யூடியூப் கிடையாது. இன்ஸ்டா ரீல்ஸ் கிடையாது. வாட்ஸ்அப் ஃபார்வர்டு கிடையாது.

ஆனாலும் ஏறத்தாழ 100 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர், தன் கண்ணால் பார்த்தே இராத ஆயிரக்கணக்கான பேருக்கு வைத்தியம் சொன்னார். பெரும் பணக்காரர் ஆனார். லைசென்ஸைப் பிடுங்கிய பிறகும் மக்கள் அவருக்கு லட்சக்கணக்கில் ஓட்டுப் போட்டார்கள்.

"ஆன்லைன்ல வர்ற ஹெல்த் தகவல்ல எதை நம்புறது, எதை விடுறது டாக்டர்?" என்று கேட்கும் எல்லோருக்கும் இந்த மனுஷனின் கதையைத்தான் சொல்லத் தோன்றும். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

2/
பேரு ஜான் ரோமுலஸ் பிரிங்க்லி. 1885-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர்.

சிகாகோவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முடிக்கவில்லை. பிறகு கான்சாஸ் சிட்டியில் 'எக்லெக்டிக் மெடிக்கல் யுனிவர்சிட்டி' என்ற இடத்தில் 1915-ல் பட்டம் வாங்கினார். 'வாங்கினார்' என்பதை அப்படியே எடுத்துக்கலாம். காசு கட்டினால் பட்டம் தரும் கல்லூரிகள் அன்றைய அமெரிக்காவில் நிறைய இருந்தன. அதில் இதுவும் ஒன்று.

அந்தப் பட்டத்தை வைத்தே முறையான லைசென்ஸும் கிடைத்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைங்க. பேருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தது. கையில் அரசாங்கப் பதிவும் இருந்தது.

3/
1917-ல் கான்சாஸ் மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற சின்னக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷமே உலகம் பூரா ஃப்ளூ கொள்ளைநோய். வீடு வீடாகப் போய்ப் பார்த்தார், ராப்பகலா உழைத்தார் என்பது ஊர்க்காரர்கள் சொன்னது. பின்னாளில் சம்பாதித்த காசில் ஊருக்கு நடைபாதை, சாக்கடை என்று செய்து கொடுத்தார். பேஸ்பால் டீமுக்குக் காசு கொடுத்தார். அந்த டீமின் பெயரே 'பிரிங்க்லி ஆடுகள்'.

ஆக, ஊர் மக்கள் இவரை நம்பினார்கள் என்றால் காரணம் இருந்தது. முட்டாள்கள் என்று நினைக்காதீங்க. கஷ்ட காலத்தில் கூட நின்ற மனுஷனை யார்தான் நம்ப மாட்டார்கள்?

4/
டீம் பேரில் ஏன் ஆடு? அதுதான் கதையே.

ஆண்மைக்குறைவு என்று ஒரு விவசாயி இவரிடம் வந்தார். பேச்சு எப்படியோ ஆட்டுக்கிடாய் பக்கம் போனது. கிடாயின் விதையை எடுத்து அந்த விவசாயிக்குள் வைத்துத் தைத்தார் பிரிங்க்லி. கொஞ்ச நாளில் விவசாயி "நல்லா ஆயிட்டேன்" என்றார். அவர் மனைவிக்குக் குழந்தையும் பிறந்தது.

செய்தி பரவியது. கூட்டம் ரயிலேறி மில்ஃபோர்டுக்கு வந்தது. ஒரு ஆபரேஷனுக்கு 750 டாலர். 1920-களின் நடுவில் ஒரு புது ஃபோர்டு மாடல்-டி காரை 300 டாலருக்குள் வாங்கலாம். இரண்டு கார் விலைக்கு மேலே கொடுத்து ஆட்டு விதை வைத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் ஆண்மைக்குறைவுக்கு என்று இருந்தது. போகப்போக ரத்த அழுத்தம், மனநலக் கோளாறு என்று பட்டியல் நீண்டது. ஒரே மருந்து எல்லா நோய்க்கும்!

5/
மருத்துவமா பார்த்தால் இது வேலை செய்யவே வாய்ப்பில்லை.

வேற்று விலங்கின் திசுவை உள்ளே வைத்தால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று கண்டுபிடித்து அழிக்கும். பிரிங்க்லி ரத்தக்குழாய்களை இணைக்கவும் இல்லை. ரத்த ஓட்டம் இல்லாத திசு உள்ளேயே செத்துப்போகும். அதிர்ஷ்டம் இருந்தால் உடம்பு அதைக் கரைத்துவிடும். இல்லையென்றால் சீழ் பிடிக்கும். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் அது. சீழ் ரத்தத்தில் ஏறினால் கதை முடிந்தது.

6/
அப்புறம் எப்படிப் பலர் "குணமாச்சு" என்றார்கள்?

ஆண்மைக்குறைவு பல நேரம் மனசு சார்ந்தது. பயம், பதற்றம், குடும்பச் சிக்கல். நம்பிக்கை வந்தாலே பாதி சரியாகும். சிலருக்குத் தானாகவே சரியாகும்.

இரண்டு கார் காசைக் கொடுத்தவர் "ஏமாந்துட்டேன்" என்று வெளியில் சொல்வாரா? அதுவும் இந்த விஷயத்தில்? சரியானவர் ஊருக்கே சொல்வார். சரியாகாதவர் வாயைத் திறக்க மாட்டார்.

இந்த ஒரு வரியை விடாதீங்க. த்ரெட் முழுக்க இதுதான் வரும்.

7/
இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்கு 'சுரப்பி' என்பதுதான் லேட்டஸ்ட் சயின்ஸ்.

1889-லேயே பிரவுன்-செக்கார்டு என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி தன் 72-வது வயதில் விலங்கு விதைச்சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். 1920-ல் பாரிஸில் செர்ஜ் வோரோனாஃப் என்ற சர்ஜன் குரங்கின் விதைத் துண்டுகளை மனிதர்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் கொண்டாடின.

ஆக பிரிங்க்லி சொன்னது அன்றைய காதுக்கு விஞ்ஞானம் மாதிரியே ஒலித்தது. இன்றைக்கு 'டீடாக்ஸ்', 'ஸ்டெம் செல்', 'குவாண்டம்' எல்லாம் எப்படி ஒலிக்கிறதோ அப்படி. போலி மருத்துவம் எப்பவுமே அந்தந்தக் காலத்து விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டுதான் வரும்.

8/
1923. பிரிங்க்லி சொந்தமாக ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பித்தார். பேர் கே.எஃப்.கே.பி.

அன்றைய கான்சாஸை நினைச்சுப் பாருங்க. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயல். அடுத்த வீடு எங்கேயோ இருக்கும். ராத்திரியில் ஒரே துணை அந்த ரேடியோ பெட்டி. அதில் நாட்டுப்பாட்டு, விவசாயச் செய்தி, ஜெபம், நடுநடுவே டாக்டர் பிரிங்க்லியின் குரல். அதட்டாத, அன்பான குரல். நம்ம வீட்டு ஆள் பேசுற மாதிரி.

கொஞ்ச வருஷத்தில் ஒரு ரேடியோ பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்காவிலேயே ரொம்பப் பிரபலமான ஸ்டேஷன் என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. இன்றைய மொழியில் சொன்னால் சில்வர் பட்டன், கோல்டு பட்டன் எல்லாம்.

9/
அந்த ஸ்டேஷனில் ஒரு நிகழ்ச்சி. பேர் 'மருத்துவக் கேள்விப் பெட்டி'.

நேயர்கள் தங்கள் நோயைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள். பிரிங்க்லி அதை மைக்கில் வாசிப்பார். நாடி பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஒரு டெஸ்ட் கிடையாது. கடிதத்தை வைத்தே நோயைச் சொல்லி, "இந்த நம்பர் மருந்தை வாங்கிச் சாப்பிடுங்க" என்பார்.

ஆமாம், மருந்துக்குப் பேர் கிடையாது. நம்பர் மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாது. அந்த நம்பர் மருந்துகள் அவருடைய சங்கத்தில் சேர்ந்த மருந்துக்கடைகளில் மட்டும் கிடைக்கும். விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கடைக்காரர் பிரிங்க்லிக்கு ஒரு பங்கு அனுப்புவார்.

இப்போ இதே இடத்தில் "லிங்க் பயோவில் இருக்கு, என் கூப்பன் கோடு போட்டா 20% தள்ளுபடி" என்பதைப் பொருத்திப் பாருங்க. அச்சு அசல்.

10/
வயிற்றுவலி என்று ஒருவர் எழுதுகிறார். அது அஜீரணமாக இருக்கலாம், அல்சராக இருக்கலாம், குடல்வாலாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு பக்கக் கடிதத்தில் எப்படித் தெரியும்?

நம்பர் மருந்தைக் குடித்துக்கொண்டே குடல்வால் வெடிக்கக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்? கணக்கு கிடையாது. மருந்து ஒன்றும் செய்யாத சாயத் தண்ணீராகவே இருந்திருந்தாலும், அது தின்ற நாட்கள் திரும்பி வராது.

ஓபியில் உட்காரும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். "இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி உயிர் போயிருக்கும்.

11/
எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜர்னலுக்கு ஆசிரியராக இருந்த மாரிஸ் ஃபிஷ்பைன் பிரிங்க்லியைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1930-ல் 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகை நிருபரை அனுப்பிப் பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்து வரிசையாகக் கட்டுரைகள் போட்டது.

பிரிங்க்லி என்ன சொன்னார்? "பெரிய டாக்டர்கள் எல்லாம் பொறாமையில் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. சாமானியனுக்கு நல்லது செய்றவனை நசுக்கப் பார்க்கிறாங்க." அந்தப் பத்திரிகைக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருந்தது, அதனால்தான் தாக்குகிறார்கள் என்றார்.

பத்திரிகைக்குப் போட்டி ஸ்டேஷன் இருந்தது உண்மை. ஆனால் அதனால் செத்தவர்கள் உயிரோடு வந்துவிடுவார்களா?

12/
1930-ல் கான்சாஸ் மாநில மருத்துவ வாரியம் விசாரணை நடத்தியது.

பிரிங்க்லி தரப்பில் சாட்சிகள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் திருப்தியான நோயாளிகள். "என்னைக் காப்பாத்தினார்", "எனக்கு வாழ்க்கை கொடுத்தார்". கட்டுக்கட்டாக நன்றிக் கடிதங்கள் வேறு. பொய் சாட்சி என்று சொல்ல முடியாது. அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

எதிர்த் தரப்பு வேறு ஒரு கட்டை எடுத்து வைத்தது. பிரிங்க்லியின் மருத்துவமனையில் இறந்தவர்களின் மரணச் சான்றிதழ்கள். 40-க்கும் மேல். கீழே கையெழுத்து பிரிங்க்லியுடையதுதான். அதில் பலர் அங்கே வரும்போது சாகும் நோயாளிகளே இல்லை. நடந்து வந்தவர்கள்.

லைசென்ஸ் ரத்து.

13/
இங்கே நிறுத்தி யோசிங்க மக்களே. ஒரே மருத்துவமனை. இரண்டு காகிதக் கட்டுகள்.

நன்றிக் கடிதங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தன. மைக்கில் வாசிக்கப்பட்டன. லட்சக்கணக்கான வீடுகளில் கேட்டன.

மரணச் சான்றிதழ்கள் அரசாங்க அலுவலகத்தில் கிடந்தன. யாராவது போய் எடுத்து எண்ணும் வரை அவற்றுக்குக் குரல் கிடையாது.

ரேடியோ கேட்ட விவசாயி முட்டாள் இல்லை. அவருக்குக் கிடைத்த தகவல் எல்லாமே ஒரே கட்டிலிருந்து வந்தது. இன்னொரு கட்டு இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

14/
ஒரு கணக்குக்குச் சொல்றேன்.

எந்தப் பயனும் இல்லாத ஒரு மருந்தை 1000 பேர் சாப்பிடுகிறார்கள். 200 பேருக்கு நோய் தானாகவே குறைகிறது என்று வைப்போம். 750 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. 50 பேருக்கு மோசமாகிறது.

அந்த 200 பேரில் பாதிப் பேர் வீடியோவுக்குக் கீழே வந்து "நன்றி ஐயா, நீங்க தெய்வம்" என்று எழுதினாலே 100 கமெண்ட். 750 பேர் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள். 50 பேர் ஆஸ்பத்திரியில்.

நீங்க பார்ப்பது 100 கமெண்ட். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் மருந்து பூஜ்யம்.

15/
சர்க்கரை நோயில் இது இன்னும் கொடுமை.

மாத்திரையை நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது. ரத்தச் சர்க்கரை 300-ல் இருந்தும் "நல்லா தெம்பா இருக்கேன்" என்பவர்களை வாரா வாரம் பார்க்கிறோம். அப்படி ஒருவர் மூன்றாவது மாசத்தில் கமெண்ட் போடுகிறார்: "மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன், சூப்பரா இருக்கேன்." அன்றைக்கு அது அவருக்கு உண்மை.

சில வருஷம் கழித்து கால் விரலில் ஆறாத புண். அல்லது கண்ணில் ரத்தக்கசிவு. அல்லது டயாலிசிஸ். அப்போது யாரும் திரும்பிப் போய்ப் பழைய கமெண்ட்டை அழிப்பதில்லை. அது அங்கேயே இருக்கும். அடுத்தவர் அதைப் படித்து மாத்திரையை நிறுத்துவார்.

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் இவ்வளவு நாள் கூட ஆகாது. ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி, மூச்சிரைத்து, மயங்கி ஐசியூவுக்கு வரும். சில குழந்தைகள் வந்து சேர்வதே இல்லை.

16/
கதைக்குத் திரும்புவோம். அதே 1930-ல் அமெரிக்காவின் வானொலி ஆணையம் கே.எஃப்.கே.பி-யின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பார்க்காத நோயாளிக்குக் கடிதத்தை வைத்து மருந்து சொல்வது மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து, இந்த ஸ்டேஷன் பொதுநலனுக்கு நடக்கவில்லை, சொந்த லாபத்துக்கு நடக்கிறது என்றது. "பேச்சுரிமை போச்சு" என்று பிரிங்க்லி அப்பீல் போனார். 1931-ல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது.

லைசென்ஸ் போச்சு. ஸ்டேஷன் போச்சு. கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீங்க?

17/
லைசென்ஸ் போன சில நாட்களிலேயே கான்சாஸ் கவர்னர் பதவிக்குப் போட்டியிடுகிறேன் என்று அறிவித்தார்!

வாக்குச்சீட்டில் பேர் அச்சிடும் காலம் முடிந்துவிட்டது. மக்களே பேரைக் கையால் எழுதி ஓட்டுப் போடணும். அப்படியும் 1,83,000-க்கு மேல் செல்லும் ஓட்டு விழுந்தது. எழுத்துப் பிழை என்று ஆயிரக்கணக்கான ஓட்டுகள் தள்ளப்பட்டன. 1932-ல் மறுபடி நின்று கிட்டத்தட்ட 30% வாங்கினார்.

மரணச் சான்றிதழ் விவரமெல்லாம் பத்திரிகையில் வந்த பிறகு நடந்தது இது. ஆதாரத்தைக் காட்டினால் மக்கள் உடனே மாறிவிடுவார்கள் என்று நினைக்கும் என் சக டாக்டர்கள் இதைக் கவனிக்கணும். பல வருஷமாகக் காதருகில் பேசிய குரலை ஒரு நாள் வந்த புள்ளிவிவரம் தோற்கடிக்காது.

18/
அடுத்து டெக்சாஸ் மாநிலத்தின் டெல் ரியோ ஊருக்குப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. அமெரிக்கச் சட்டம் செல்லாது. 1931-ல் அங்கே டவர் கட்டினார்.

அமெரிக்க ஸ்டேஷன்களுக்குப் பொதுவான உச்ச வரம்பு 50 கிலோவாட். இவருடைய எக்ஸ்.இ.ஆர்.ஏ போகப்போக 500 கிலோவாட் வரை போனது. வடக்கே கனடா வரை கேட்கும். இவர் அமெரிக்காவில் உட்கார்ந்து போன் லைன் வழியாகப் பேசுவார், குரல் மெக்சிகோவிலிருந்து ஒலிபரப்பாகும். அதைத் தடுக்க 1934-ல் அமெரிக்கா சட்டத்தில் தனிப் பிரிவே கொண்டுவந்தது. இவர் அதற்கும் சந்து பொந்து கண்டுபிடித்தார்.

சர்வர் ஒரு நாட்டில், ஆள் ஒரு நாட்டில், நோயாளி இன்னொரு நாட்டில். இன்றைக்குப் புதுசு என்று நாம் நினைக்கும் தலைவலி 90 வருஷம் பழசு.

19/
டெல் ரியோவில் ஆட்டு விதையை மெல்ல விட்டுவிட்டு புராஸ்டேட் வைத்தியத்துக்கு மாறினார். நோயாளிகளுக்குக் கொடுத்த 'ஃபார்முலா 1020' என்ற ஊசி மருந்தில் நீலச் சாயம் கலந்த தண்ணீருக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

1938-ல் ஃபிஷ்பைன் இவரைப் போலி மருத்துவர் என்று மறுபடி எழுதினார். பிரிங்க்லி 2,50,000 டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. வழக்குப் போட்டால் கூண்டில் ஏறணும். ரேடியோவில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. கூண்டில் கேட்பார்கள்.

1939-ல் டெல் ரியோவிலேயே, உள்ளூர் ஆட்களைக் கொண்ட ஜூரி முன்னால் வழக்கு நடந்தது. ஃபிஷ்பைன் எழுதியது உண்மை, இவரைப் போலி மருத்துவர் என்று அழைப்பதில் தப்பில்லை என்று ஜூரி முடிவு சொன்னது.

அதன் பிறகு பழைய நோயாளிகளும் குடும்பங்களும் வரிசையாக வழக்குப் போட்டார்கள். 1941-ல் திவால். ஸ்டேஷனை மெக்சிகோ மூடியது. 1942-ல் தன் 56-வது வயதில் இறந்தார். பட்டம் வாங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் இந்த ஆளை நிறுத்த கால் நூற்றாண்டு ஆனது.

20/
"சரி டாக்டர், ஆட்டுச் சுரப்பி பொய்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். அன்னைக்கு ஒரு சாமானியனுக்கு எப்படித் தெரியும்?"

அருமையான கேள்வி. அதே காலத்தில் இன்னொரு விலங்குச் சுரப்பி வைத்தியமும் வந்தது. அதன் பேர் இன்சுலின்.

1922 ஜனவரி, கனடாவின் டொராண்டோ நகரம். லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயசுப் பையன். சர்க்கரை நோயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, போட்ட இடத்தில் கட்டி வந்தது. அதை மறைக்கவில்லை. சாற்றைச் சுத்தம் செய்து 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான்.

21/
இரண்டும் விலங்குச் சுரப்பிதான். கேட்க இரண்டும் ஒரே மாதிரி விநோதம்தான். வித்தியாசம் எங்கே?

இன்சுலின்காரர்கள் செய்முறையை எழுதி வெளியிட்டார்கள். ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஆனது என்று எண்ணில் காட்டினார்கள். அவர்களுக்கு உறவோ நட்போ இல்லாத வேறு ஊர் டாக்டர்களும் போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் வேலை செய்தது. காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் தலா 1 டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பிரிங்க்லியிடம் நம்பர் போட்ட பாட்டில், நன்றிக் கடிதங்கள், அன்பான குரல். எத்தனை பேருக்குச் செய்தார், எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கை அவர் ஒருநாளும் தானாக வெளியே வைக்கவில்லை.

அன்றைய விவசாயியும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "பலிக்காதவங்க எத்தனை பேருங்க?"

22/
உடனே கமெண்ட்டில் வருவீங்க. "இங்கிலீஷ் டாக்டர்கள் மட்டும் யோக்கியமா?"

நியாயமான கேள்வி. ஃபிஷ்பைன் ஆசிரியராக இருந்த அதே ஜர்னல் 1933-லிருந்து சிகரெட் விளம்பரம் வாங்கிப் போட்டது. அது நிற்க 1953 ஆனது. வெட்கக்கேடுதான்.

1998-ல் 'லான்செட்' என்ற பெரிய ஜர்னல், வெறும் 12 குழந்தைகளை வைத்து எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஒரு கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. தடுப்பூசிக் கம்பெனிகளுக்கு எதிராக வழக்குப் போட இருந்த வக்கீலிடம் பணம் வாங்கியிருந்தது பிறகு வெளியே வந்தது. 2010-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அவர் பதிவும் ரத்தானது. 12 வருஷம்!

ஆனால் கவனிங்க. தப்பு என்று எப்படித் தெரிந்தது? மற்றவர்கள் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துச் சரிபார்த்ததால். எந்தப் பெரிய பேராக இருந்தாலும் அடுத்தவன் எண்ணிப் பார்க்க இடம் இருந்ததால். வெள்ளைக்கோட்டு மேல் நம்பிக்கை வைக்கச் சொல்லவில்லை. எண்ணுகிற வழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே வைங்க.

23/
நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். தமிழ்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அது அப்படியே போய்விடாது. தணிக்கை உண்டு. எத்தனை மணிக்கு வந்தாங்க, யார் பார்த்தாங்க, ரத்தம் எப்போ ஏத்தினாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மாவட்ட ஆட்சியர் வரை போகும். பதில் சொல்லும் டாக்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தக் கேள்விகளால்தான் அடுத்த தாய் பிழைக்கிறாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஆயிரம் குறை இருக்கலாம். உங்கள் மரணத்தை எண்ண அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. ரீல்ஸில் வைத்தியம் சொல்பவரிடம் அந்தப் பதிவேடு எங்கே?

24/
சட்டமும் நம்மிடம் உண்டு. 1954-லேயே மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் 54 நோய்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், மாரடைப்பு முதலான இதய நோய்கள், ஆண்மைக்குறைவு, உயரத்தைக் கூட்டுவது வரை இருக்கிறது. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது குற்றம்.

இது பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959 தீர்ப்பில் சில பகுதிகளை நீக்கிவிட்டு, சட்டத்தின் அடிப்படையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் பிரிங்க்லியை நிறுத்தவே கால் நூற்றாண்டு ஆனது என்றால், நிமிஷத்துக்கு நிமிஷம் வரும் வீடியோவைச் சட்டம் ஓடிப் பிடிக்குமா? அதுவரைக்கும் நமக்கு நாமே வாரியம்.

25/
இனி எந்த ஹெல்த் வீடியோ வந்தாலும் இந்த அஞ்சைக் கேளுங்க.

ஒன்று: சொல்பவரே இதை விற்கிறாரா? விற்றால் அது விளம்பரம். விளம்பரத்துக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுங்க, போதும்.

இரண்டு: பலிக்காதவர்கள் எத்தனை பேர் என்று எங்காவது சொல்கிறாரா? "100% கியூர், பக்கவிளைவே இல்லை" என்றால் எண்ணவே இல்லை என்று அர்த்தம்.

மூன்று: அவருக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள், வேறு ஊரில், செய்து பார்த்து அதே முடிவு வந்ததா?

நான்கு: தப்பாகப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? டாக்டர் என்றால் பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடலாம். சித்த மருத்துவர்களுக்கும் தனிக் கவுன்சில் உண்டு. பதிவு இருந்தாலே போதாது, பிரிங்க்லியிடமும் இருந்தது. ஆனால் பதிவு இருந்ததால்தான் அதைப் பிடுங்க முடிந்தது.

ஐந்து: உங்களைப் பார்க்காமலேயே "மாத்திரையை நிறுத்து" என்கிறாரா? அங்கேயே வீடியோவை மூடிடுங்க.

26/
வீட்டில் பெரியவர்கள் இப்படி ஒரு வீடியோவை நம்பினால் சண்டை போடாதீங்க. அந்தக் குரல் அவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறது. மூணு நிமிஷ ஓபியில் நாங்கள் பேசாத அளவு பேசுகிறது. அதனால்தான் அது ஜெயிக்கிறது. "அப்பா, இதைச் சாப்பிட்டு சரியாகாதவங்க என்ன ஆனாங்கன்னு இவர் எப்பவாவது சொல்லியிருக்காரா?" என்று மட்டும் கேளுங்க. அந்த ஒரு கேள்வி போதும். மனசுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும்.

இந்த அஞ்சு கேள்வியை என்னிடமும் கேளுங்க. நான் எழுதிய எதிலாவது சந்தேகம் வந்தால் தேடிப் பாருங்க, தப்பென்றால் கீழே எழுதுங்க. திருத்துகிறேன்.

நாளைக்குக் காலையில் மாத்திரையை மறக்காமல் போடுங்க.